சூடான டயரில் காற்றை இறக்காதே

நைனா,

உன் காரில் எரிகிற அந்த மஞ்சள் விளக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு, "அத்தப் பத்தி அப்புறம் சொல்றேன்" என்று பட்டென்று வைத்துவிட்டேன். கிழட்டு அப்பனுக்கு என்ன கோபமோ என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. காலையில் வண்டியைக் கிளப்பியதும் எரிகிறது, கொஞ்ச தூரம் போனால் தானாக அணைந்துவிடுகிறது. "அணைஞ்சிட்டா ஒண்ணும் இல்லன்னுதானே நைனா அர்த்தம்?" என்று கேட்டாய். இல்லை. டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டி ஓட ஓட டயர் சூடாகிறது, உள்ளே இருக்கிற காற்று விரிகிறது, அளவு ஏறிவிட்ட மாதிரி காட்டுகிறது, விளக்கு ஏமாந்து அணைந்துபோகிறது. மறுநாள் காலைக் குளிரில் பழைய குறைச்சல் அப்படியே இருக்கும்.

அந்தக் கேள்வியோடு நீ விட்டிருந்தால் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். அதற்கப்புறம் இன்னொன்றும் சொன்னாய். மருமகளுக்கு எட்டாவது மாதம், அங்கே கனடாவில் பனி கொட்டுகிறது, பஸ்ஸை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது என்று பழைய கார் ஒன்று வாங்கிவிட்டாய். ஆனால் எட்டு வருஷம் கழித்து ஸ்டியரிங்கைத் தொட்டதும் கை நடுங்குகிறது என்றாய். "அம்மாவ நான்தான நைனா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாய். நான் போனை வைத்தது அதற்குத்தான். நாக்கில் வந்ததை என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். முதலில் டயர், அப்புறம் மற்றது. டயரைப் பற்றிப் பேசினால் எனக்கு வாய் வரும் என்பது உனக்குத் தெரியும்.

காற்றைக் காலையில் பார்க்க வேண்டும். வண்டி ராத்திரி பூரா நின்று, டயர் கையை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் வரை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் அது கணக்கில் சேராது. டயரின் பக்கத்தில் ஓர் அளவு அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துத் தொலைக்காதே, அது அந்த டயர் தாங்குகிற உச்சம். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திற, உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், அதில் இருப்பதுதான் உன் வண்டிக்கான அளவு. ஆளும் சாமானும் நிறைய ஏறினால் பின் டயருக்கு வேறு அளவு போட்டிருப்பான், அதையும் படி. உனக்கு விற்றவன் கடைசியாகக் காற்று அடித்தது ஐப்பசியில் இருக்கும், அப்போது அங்கே குளிர் இவ்வளவு இல்லை. ஐந்தாறு டிகிரி வெப்பம் இறங்கினால் ஒரு பாயிண்ட் காற்று இறங்கும், இது குத்துமதிப்பான கணக்குதான், ஆனால் முப்பது வருஷம் எனக்குப் பொய்க்காத கணக்கு. இப்போது மைனஸில் போகிறது என்கிறாய் என்றால் நாலைந்து பாயிண்ட் குறைந்திருக்கும். பஞ்சர் என்று பயந்துகொள்ளாதே, காற்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நிரப்பினால் சரியாகும். வால்வு மூடியைத் திருகி மூட மறக்காதே, ஈரம் போய் உறைந்தால் வால்வு மூடாமல் கசியும். காற்றை அளக்கிற உள்ளங்கை அளவு கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே போட்டுவை. கை மரத்துப்போகும், கையுறையைப் போட்டுக்கொண்டு பார்.

இன்னொன்று. சூடான டயரில் அளவு அதிகமாகக் காட்டினால் காற்றை இறக்காதே. எந்தக் காரணத்துக்கும் இறக்காதே. சித்தூர் பஸ் டிப்போவில் டயர் செக்‌ஷனில் நான் இருந்த காலம் முழுக்க, புதிதாக வருகிற ஒவ்வொருத்தனுக்கும் முதல் நாளே இதைச் சொல்வேன். ஒருமுறை மதனப்பள்ளி போய் வந்த பஸ்ஸில் ஒருத்தன் அப்படிக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான். நான் தின்றுகொண்டிருந்த டிபனை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கத்தினேன். "டேய், சூடா கீற டயர்ல காத்து எறக்கறவன் கைய ஒடிக்கணும்டா! நாளைக்குக் காலீல அது சப்பையா நிக்கும், நாப்பது பேர ஏத்திக்கினு போவியா நீ?" என்றேன். அவன் பாவம், வேலையே வேண்டாம் என்று போய்விடுவான் போலிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெரியாத மனுஷன் இல்லை நான். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

நேற்றுக் காலையில் அந்தப் பழைய கேஜைத் தேடி எடுத்தேன். பீரோவில் உங்கம்மாவின் துணிகளுக்கு அடியில் கிடந்தது, நான்தான் வைத்தது. பக்கத்து வீட்டுச் சேகர் ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்குச் சவாரி ஓட்டுகிறான் இல்லையா, அவன் கிளம்புமுன் அவன் கார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மார்கழிக் குளிர், நமக்கே பல் கிட்டியது. அவன் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "இன்னா பெரிப்பா, எட்டு வருசமா கார்னாலே அந்தாண்ட திரும்பிக்கினு போவ, இன்னிக்கு டயராண்ட குந்திக்கினு கீற? காத்து எதனா புடுங்கி உட்றப்போற" என்று சிரித்தான். சும்மா கேலிக்குத்தான் சொன்னான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் குனிந்து வால்வில் கேஜை வைத்தேன். கேஜில் முப்பத்து மூன்று காட்டியது. அவன் போய்த் திரும்பி மத்தியானம் வந்து நிறுத்தினதும் மறுபடி வைத்தேன். முப்பத்தெட்டு. அதே டயர், ஒரு சொட்டுக் காற்றுகூட யாரும் அடிக்கவில்லை. எழுதி வைத்துக்கொண்டேன், உனக்குச் சொல்ல. உண்மையில் எனக்கே ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது மற்றது.

அம்மா போனதற்கு முந்தின நாள் நாம் ராமகுப்பம் போயிருந்தோம், அவளுடைய பெரியம்மா பெண் வீட்டில் காதுகுத்து. பட்டுப்பூச்சி வளர்க்கிற அந்த வீட்டில் நீ மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாய், ஞாபகம் இருக்கும். திரும்பும்போது நம் காரை நான்தான் ஓட்டினேன். நல்ல வெயில். பின்சீட்டில் இடது பக்கம் உங்கம்மா, எப்போதும் அவள் இடம் அது. வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள். "இன்னாங்க வண்டி இது, தூக்கித் தூக்கிப் போடுது, என் இடுப்பு கழண்டே பூடும் போல கீது. இதுக்கு உங்க டிப்போ ஓட்ட பஸ்ஸே தேவல" என்றாள். அவளுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி, மறுநாள் காலை திருப்பதியில் டாக்டரைப் பார்க்கத்தான் நேரம் வாங்கியிருந்தோம். வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். எனக்குப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது. நீ உள்ளே போய்விட்டாய். நான் கேஜை எடுத்துப் பின் டயரில் வைத்தேன். முப்பத்தேழு காட்டியது. அதுதான் தூக்கிப் போடுகிறது என்று, இரண்டு பின் டயரிலும் இருபத்தெட்டு வரை இறக்கினேன்.

டயர் சுட்டுக்கொண்டிருந்தது. கையில் பட்டது. தெரிந்துதான் செய்தேன். காலையில் ஐந்து பாயிண்ட் இன்னும் இறங்கும் என்றும் தெரியும். காலையில் எழுந்து கால் பம்பில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், நடுவாந்திரமாக ஓர் அளவில் வைத்தால் அவளுக்கும் இடுப்பு வலிக்காது, வண்டிக்கும் கெடுதல் இல்லை என்று கணக்குப் போட்டேன். ஊருக்கெல்லாம் சொல்கிற சட்டம் எனக்கு மட்டும் கொஞ்சம் வளையும் என்று நினைப்பு. முப்பது வருஷ சர்வீஸ்காரன் இல்லையா. அந்தத் திமிரை வேறு வார்த்தையில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காலையில் நான் எழுந்திருக்கவே நேரமாகிவிட்டது. வெளியே பனி, எதிர்வீடு தெரியவில்லை. உங்கம்மா திருப்பதியில் இருக்கிற தங்கைக்கென்று புது அரிசி இரண்டு மூட்டை கட்டி வைத்திருந்தாள். "இன்னாத்துக்குடி இத்தினி?" என்றேன். "தங்கச்சி ஊட்டுக்கு வெறுங்கைய வீசிக்கினு போறதா?" என்று அவளே நின்று டிக்கியில் ஏற்ற வைத்தாள். பின்பக்கம் தணிந்தது. டயர் பிதுங்கி நின்றதை நான் பார்த்தேன். ரேடியல் டயர் எப்போதுமே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் பம்பு மொட்டை மாடி ரூமில் இருந்தது. மேலே ஏறிப் போக வேண்டும், குளிராக இருந்தது, அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று எட்டு வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. நீ சாவியைப் போடுமுன் கண்ணாடியை இறக்கி, "நைனா, காத்து பாத்துட்டியா?" என்று கேட்டாய். நான் பின் டயரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, "எல்லாம் பாத்தாச்சு, எட்றா வண்டிய" என்றேன்.

சித்தூரைத் தாண்டினதும் பனி விலகி வெயில் வந்தது. நீ எண்பதில் போய்க்கொண்டிருந்தாய், நான் முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தேன், எண்பதைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து உங்கம்மா, "இன்னிக்கு வண்டி மெத்து மெத்துனு போவுதுங்க, இடுப்பு கீறதே தெரியல" என்றாள். நீ கண்ணாடியில் அவளைப் பார்த்து, "ஓட்றது யாரு, நான்மா" என்று பீற்றிக்கொண்டாய். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லையே தவிர, அது என் கைவேலை என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது நைனா. காற்றில்லாத டயர் அப்படித்தான் மெத்தென்று போகும். மடங்கி மடங்கி உள்ளுக்குள் சூடேறிக்கொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. பாகாலா திருப்பத்துக்கு முன்னால் இடது பின் டயர் வெடித்தது. நீ பிரேக்கைச் சட்டென்று மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கை விடவும் இல்லை. எதிரே வந்த லாரியில் மோதாமல் இந்தப் பக்கம் கொண்டுவந்தாய். அதற்குமேல் யாராலும் முடியாது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வண்டியின் பின்பக்கம், உங்கம்மா உட்கார்ந்திருந்த பக்கம், போய் இடித்தது. எனக்குக் கை முறிந்தது. உனக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதுவே உனக்குப் பெரிய குற்றமாகிப் போனது.

போலீஸ்காரர் கிழிந்த டயரைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "குர்ராடு கதா அண்ணா, ஸ்பீடுகா தோலுண்டாடு" என்றார், சின்னப் பையன், வேகமாக ஓட்டியிருப்பான் என்று. நான் தலையை ஆட்டினேன். டயரின் பக்கச் சுவர் சுற்றிலும் கறுத்து நைந்து கிடந்தது. என்னைப் போல ஒருத்தன் பார்த்தால் காற்று குறைச்சலில் ஓடின டயர் என்று ஒரே பார்வையில் சொல்வான். அங்கே என்னைப் போல ஒருத்தன் நான் மட்டும்தான் இருந்தேன். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எண்பதுலதான் போனேன் நைனா, நீ பாத்த இல்ல, எண்பதுலதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. காரியத்தன்று உன் மாமா உன் காதுபடவே, "வயசுப் புள்ள கையில வண்டியக் குடுக்கலாமா மாமா?" என்று கேட்டபோது, "மெதுவா போடான்னு எத்தினி வாட்டிதான் சொல்றது" என்றேன். அன்றைக்கு நான் ஒருவாட்டிகூட அப்படிச் சொல்லவில்லை. நீ கையில் வைத்திருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாய். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். போலீஸுக்குப் பயந்து இல்லை. முதல் வாரம் எனக்கு எதுவுமே தெரியவில்லை. முறிந்த கையில் வலிகூட இல்லை, டாக்டர் ஊசி குத்தினால் யாருக்கோ குத்துகிற மாதிரி இருந்தது. மனசும் அப்படியே மரத்துப்போய்விட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உறைக்க ஆரம்பித்தபோது, சொன்னால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயம் வந்தது. உங்கம்மாவும் இல்லை, நீயும் இல்லை என்றால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று பார்த்தேன். என் சுயநலத்துக்கு உன்னைப் பலி கொடுத்தேன். நீ வண்டியைத் தொடுவதை விட்டாய். ஸ்ரீசிட்டி ஃபேக்டரி வேலைக்கு சித்தூரிலிருந்து போய் வர முடியாமல் அதன் பக்கத்திலேயே சத்தியவேட்டில் ரூம் எடுத்தாய், கம்பெனி வேனிலும் கடைசி சீட்டில் உட்காருவாய் என்று உன் சிநேகிதன் சொன்னான். என்னோடு உட்கார்ந்து சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாய். நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று ஊர் சொன்னது. பெரிய மனுஷன் என்றுகூட சொன்னார்கள். அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். கடைசியில் நீ எப்படியும் போய்த்தான் விட்டாய், கனடா வரைக்கும். எதைக் காப்பாற்ற மூடி வைத்தேனோ அதுவும் மிஞ்சவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நீ என் காலில் விழுந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. நல்ல நாளில் எதற்கு என்று விழுங்கிவிட்டேன். ஏர்போர்ட்டில் உள்ளே போகுமுன் திரும்பிப் பார்த்தாய், அப்போதும் சொல்லவில்லை. இனி விழுங்க எனக்கு இடமில்லை. பனியில், பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு, அம்மாவைக் கொன்றவன் நீயே என்ற நினைப்போடு ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்தக் கை எப்படி நடுங்காமல் இருக்கும்? வண்டி ஓட்டத் தெரிந்த கை அது. வெடித்த டயரோடு லாரிக்கு ஒதுங்கி வந்த கை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீ கோபித்துக்கொண்டு போன் பண்ணாமல் இருந்தாலும் சரி, பேரப்பிள்ளையை என் கண்ணில் காட்டாமல் இருந்தாலும் சரி, அது உன் நியாயம். உன் மாமாவிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், நாளைக்குக் காலை பஸ்ஸுக்குப் போகிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். வாரத்துக்கு ஒருநாள் காலையில், வண்டி எடுக்குமுன், நாலு டயரிலும் கேஜை வைத்துப் பார். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார். யார் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் நம்பாதே, நீயே குனிந்து பார். அப்புறம் என் மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டு.

அன்றைக்கு வாசலில், அந்தப் பனியில், ஓட்டுகிறவன் கேட்க வேண்டியதை நீ கேட்டாய். கண்ணாடியை இறக்கி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன்.

காத்து பாக்கல நைனா. நான் பாக்கல.